இதயத்தின் இருபுறமும் ஒன்றாய்த் துடிக்க

பேஸ்மேக்கர் எனப்படும் இதயமுடுக்கியைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். துடிப்புக் குறைந்த இதயத்துக்கு மின்கலத்தால் துடிப்பூட்டும் சிறு கருவி அது. ஆனால், துடிப்பின் எண்ணிக்கை சரியாகவே இருந்தும், லயத்துப் படி நாலு ஏறினால் மூச்சு வாங்குகிறவர் உண்டு. காலில் நீர் கோத்து, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்குகிறவர் உண்டு. இதயம் பலவீனப்பட்ட இவர்களில் சிலருக்கும் அக்கருவியைப் பொருத்துகிறார்களே, ஏன்? விடை கிடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

1958 அக்டோபர் 8ஆம் நாள், சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதல் இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. பொருத்தியவர் ஓகே சென்னிங். கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட். காலணி மெருகு டப்பாவையே அச்சாக வைத்து அதை வார்த்தார்களாம்! துடிப்பு நின்று நின்று மயங்கி விழுந்த கணவருக்காக லார்சனின் மனைவி விடாமல் மன்றாடியிராவிட்டால் அந்த முயற்சியே நடந்திராது. முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. எனினும், இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார்.

பின்னாளில் இரத்தக் குழாய் வழியாகக் கம்பியை இதயத்தின் வலக் கீழறையில் கொண்டுபோய் வைப்பது வழக்கமாயிற்று. அங்கேதான் சிக்கலும் இருந்தது. வலப்புறம் முதலில் சுருங்கும். இடப்புறம் தாமதித்துச் சுருங்கும். பலவீனமான இதயங்கள் சிலவற்றில், கருவி இல்லாமலே இந்தத் தாமதம் உண்டு. மரக்கட்டையை இருவர் தோள் கொடுத்துத் தூக்குகிறோம். முன்னவர் எழுந்த பிறகு பின்னவர் எழுந்தால் கட்டை எப்படி நகரும்?

1994இல் பிரான்சில் செர்ஜ் கசோவும் அவருடைய குழுவினரும், இதயம் மிகவும் தளர்ந்த 54 வயதுக்காரர் ஒருவருக்கு இருபுறமும் சேர்ந்து துடிக்கக் கம்பிகள் வைத்தார்கள். ஆறு வாரத்தில் உடலில் கோத்திருந்த நீர் வடிந்து அவர் எடை 17 கிலோ குறைந்தது! இடப்புறக் கம்பியை இதயத்தின் வெளிச்சுவரில் தைக்க வேண்டியிருந்தது. 1998இல் ரென் நகர மருத்துவர்கள், இதயத்தின் சிரை வழியாகவே கம்பியைச் செலுத்தி, மார்பைத் திறக்காமல் இதைச் செய்யும் முறையை வெளியிட்டார்கள்.

ஒருவர் பிழைத்ததை வைத்து மருத்துவம் முடிவு செய்வதில்லை. 813 நோயாளிகளிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வு 2005இல் வெளியாயிற்று. ஏறக்குறைய இரண்டரை ஆண்டில், மருந்து மட்டும் உண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் இறந்தார்கள்; மருந்தோடு இக்கருவியும் பெற்றவர்களில் 20 பேர். இதற்கிடையே 2002இல் வெளியான இன்னோர் ஆய்வு, தளர்ந்த இதயத்தை வலப்புறம் மட்டும் தேவையின்றி முடுக்கினால் நோய் மிகுவதையும் காட்டியிருந்தது.

ஆனாலும், இருபுறக் கருவி பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்குப் போதிய பலன் தெரிவதில்லை. அதனால் 2017இல் சீனாவின் வென்சோ நகர மருத்துவர் ஹுவாங் வெய்ஜியானும் குழுவினரும் வேறு வழி கண்டார்கள். இதயத்துக்கு இயற்கையே அமைத்த மின்பாதை உண்டல்லவா? அறைகளுக்கு நடுவேயுள்ள சுவருக்குள் கம்பியைத் திருகி, அப்பாதையின் இடக்கிளையையே தொட்டார்கள். இரு முறைகளையும் ஒப்பிடும் ஆய்வுகள் இன்றும் நடக்கின்றன.

நம் வீட்டில் ஒருவருக்கு ஈசிஜி எடுக்கும்போது, மருத்துவர் துடிப்பை எண்ணுவதோடு நிற்பதில்லை. கீழறைகளின் மின்கோடு எவ்வளவு அகலம் என்றும் அளக்கிறார். 0.12 விநாடியைத் தாண்டினால் தாமதம் உண்டு; 0.15ஐ எட்டினால் இக்கருவியால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கோடு குறுகியே இருந்தால், மூச்சு எவ்வளவு வாங்கினாலும், மருந்தைத்தான் சீர்செய்வார்.