கிட்டியும் கச்சேரியும்: சென்னை இராஜதானியின் 1855-ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணை

கிஸ்தி கட்டத் தவறிய குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பதும், தலை முழங்காலைத் தொடும்படி அவனைக் கயிற்றால் பிணித்து நடுவெயிலில் நிறுத்துவதும், முழங்காலின் பின்புறம் செங்கல் துண்டுகளைச் செருகிக் குந்தவைப்பதும் கும்பினி ஆட்சியின் எந்தச் சட்டமும் அனுமதித்த செயல்கள் அல்ல. அனுமதியற்ற அக்கொடுமை கச்சேரி வாசலிலேயே பல்லாண்டுகள் தழைத்தமைக்கு, தடுக்கவேண்டிய நியாயபரிபாலனமே விலைபோகக் கூடியதாக அமைந்துவிட்டதுதான் மூலகாரணம் என்பது என் துணிபு.

சென்னை இராஜதானியில் 1802-ஆம் ஆண்டின் நிர்வாக ஏற்பாட்டில், வங்காளத்தில் கார்ன்வாலிஸ் பிரபு வகுத்த நெறியையொட்டி, வரி வசூல் கலெக்டரிடமும் போலீஸ் அதிகாரம் ஜில்லா நீதிபதியிடமும் தனித்தனியே இருந்தன. 1816-இல் தாமஸ் மன்றோவின் முயற்சியால் பிறந்த ரெகுலேஷன்கள், மாஜிஸ்டிரேட் பதவியையும் போலீஸையும் கலெக்டரிடம் மாற்றின. நீதிமன்றம் தொலைவில் இருக்கிறது, செலவு மிகுதி, தேசத்தின் பழைய வழக்கமும் இதுவே என்று மன்றோ காட்டிய நியாயங்கள் அற்பமானவை அல்ல. ஆனால் அவற்றின் விளைவாகத் தாலுகாவில் வரி தண்டுகிறவரும் கள்ளனைப் பிடிக்கிறவரும் தாசில்தார் ஒருவரே ஆனார்.

இந்த இணைப்பு எவ்வாறு வேலை செய்தது என்பதைச் சற்று நின்று நோக்கவேண்டும். அடிபட்ட ரயத்து கலெக்டருக்கு மனுக் கொடுத்தால், அம்மனு விசாரணைக்காகப் பெரும்பாலும் எந்தத் தாசில்தாரின் சேவகன் அடித்தானோ அதே தாசில்தாரிடமே திரும்பி வந்தது. சொற்பச் சம்பளத்தில் வாழ்ந்த சேவகனுக்கோ, வரிக்காகப் போட்ட கிட்டியே லஞ்சம் பறிக்கும் கருவியும் ஆயிற்று. சாட்சி சொல்லவேண்டிய மணியக்காரரும் கணக்கப்பிள்ளையும் தாசில்தாரின் தயவை நம்பிப் பிழைத்தவர்கள். வலியை நிறுத்தவும் பணம், வலியைப் பற்றி முறையிடவும் பணம் என்றான இடத்தில், முறையிடாமல் இருப்பதே விவேகம் எனக் குடிகள் கண்டதில் வியப்பில்லை. அந்த மௌனத்தையே மேலதிகாரிகள் கொடுமை இல்லை என்பதற்குச் சான்றாகக் கொண்டனர்.

மௌனம் கலைந்தது வெளியிலிருந்து. சென்னைச் சுதேசி சங்கத்தை நிறுவிய கஜுலு லட்சுமிநரசு செட்டியார், இங்கு வந்த பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமூரை ஊர்ஊராக அழைத்துச்சென்று நிலைமையைக் காட்டினார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் இதுபற்றிக் கேள்வி எழ, எலியட், ஸ்டோக்ஸ், பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரடங்கிய விசாரணைக் குழு அமைந்தது. நேரிலும் கடிதத்திலுமாக 1,959 முறையீடுகள் அக்குழுவுக்கு வந்தன. தாசில்தாரின் கை படாத ஒரு கதவு திறந்தவுடன் இத்தனை பேர் வந்து நின்றார்கள் என்பதே, அதுவரை இருந்த கதவுகள் எத்தகையன என்பதற்குப் போதிய பிரமாணம்.

1855-இல் வெளிவந்த அறிக்கை, வரி வசூலில் சித்திரவதை பரவலாக நடந்தது என்றும், பாதிக்கப்பட்டோர் பரிகாரம் பெறுவது மிகக் கடினம் என்றும் ஒப்புக்கொண்டு, வருவாயையும் போலீஸையும் பிரிக்குமாறு யோசனை கூறிற்று. குற்றம் முழுவதையும் சுதேசிச் சிப்பந்திகள்மீது சுமத்தி ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது அறிக்கையின் பலவீனம். 1857-இல் நியூயார்க் டிரிபியூன் பத்திரிகையில் கார்ல் மார்க்ஸ் அவ்விடத்தையே பிடித்துக்கொண்டார். கடும் வரியை விதித்தவனை விட்டு அதை வசூலித்தவனை மட்டும் கேட்பது அரை விசாரணையே.

பரிகாரங்கள் வேகமாக வந்தன. 1859-இல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 330-ஆம் பிரிவு, வரிப் பாக்கிக்காகச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரியையே தன் உதாரணங்களுள் ஒன்றாகக் காட்டிற்று. 1861-இன் குற்ற விசாரணைச் சட்டமும் 1872-இன் சாட்சியச் சட்டமும் போலீஸாரிடம் தந்த குற்ற ஒப்புதலைச் செல்லாததாக்கின. ஆயினும் அவ்வொப்புதலால் கண்டெடுக்கப்பட்ட பொருளைச் சார்ந்த பகுதி மட்டும் செல்லும் என்ற சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மூடிய கதவில் ஒரு சந்து விட்டது. தாலுகாக் கச்சேரியில் இருந்த கொடுமை இனிப் போலீஸ் ஸ்டேஷனுக்குரியதாயிற்று. முறையீட்டை எழுதிக்கொள்ளவேண்டியவரும் அடித்தவரின் சகாவே. 1902-இல் கர்சன் பிரபு நியமித்த போலீஸ் கமிஷன், அத்துறை லஞ்சமும் கொடுமையும் மிக்கதென்றே பொதுவாக மக்களால் கருதப்படுகிறது என எழுத நேர்ந்தது.

சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. அதை இன்னும் உறுதிசெய்யவில்லை.