கல்முனைக் கரையோரத்தில் தொழில் தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

மாணவன் தன் தொழிலைத் தானே தெரிகின்றான் என்பர் சிலர். பெற்றோர் விருப்பமே அதனைத் தீர்மானிக்கின்றது என்பர் வேறு சிலர். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான முஸ்லிம் ஊர்களினதும், உள்ளே இறக்காமத்தை அடுத்துள்ள வரிப்பத்தான்சேனையினதும் வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரு கூற்றும் பாதி உண்மையே எனத் தோன்றுகின்றது. எட்டும் தூரத்தில் எது இருந்ததோ அதுவே விருப்பமாயிற்று.

நெல் வேளாண்மையே இப்பகுதியின் முதுகெலும்பு. போடியாரின் மகனுக்கு வயல் இருந்தது. முல்லைக்காரனின் மகனுக்கு அவ்வயலில் வேலை இருந்தது. இந்நிலையிலேயே 1941இல் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை தோன்றியது. வெள்ளம் வந்தாலும் வரட்சி வந்தாலும் மாதம் தவறாத சம்பளம், முதுமையில் ஓய்வூதியம்: உழவன் வீட்டில் இதன் பெறுமதியை விளக்கவும் வேண்டுமோ? அடுத்த ஆண்டு, யுத்தகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் உணவு உற்பத்தியோடு கல்வியிலும் கருத்தூன்றினார். 1945இல் அவர் முன்னின்று நிறுவிய இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் வறிய மாணவருக்கு உயர்கல்வி வாயிலைத் திறந்தது. இலவசக் கல்வியும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

திறந்தவை எல்லா வாயில்களும் அல்ல. விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடமும் அதற்குரிய ஆசிரியரும் வேண்டும். அவை பட்டினப் பாடசாலைகளிலேயே திரண்டன. வயலோரக் கிராமத்துப் பிள்ளை கலைத்துறையை நாடியதை வெறும் நாட்டம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தபின் அம்பாறை போன்ற மாவட்டங்களுக்கு அனுமதி வாய்ப்புக் கூடிற்று. (யாழ்ப்பாணத்து மாணவர் பலர் அதனால் இழந்ததையும் மறைத்தற்கில்லை.) ஆயினும் எத்துறையிற் சேர்வது என்பதை ஊர்ப் பாடசாலையில் எப்பாடம் கற்பிக்கப்பட்டது என்பதே முடிவு செய்தது. பிள்ளை நாள்தோறும் கண்ட உத்தியோகத்தரும் ஆசிரியரே. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, வீட்டார் தயக்கமின்றி இசைந்த உத்தியோகமும் அதுவாகவே இருந்தது.

1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, மறு ஆண்டே பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் கலை கற்பது எளிதாயிற்று. பொறியியற் பீடம் வர 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் அரச ஆசிரிய நியமனங்கள் பட்டதாரிகளின் தொகைக்கு ஈடாகப் பெருகவில்லை. 2020இல் நாடளாவிய ரீதியிற் பட்டதாரிகள் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டபோது, ஆசிரியராகும் எண்ணத்தோடு பட்டம் பெற்ற பலர் அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டனர். இன்று கலைப்பீடத்துக்கு வரும் நாமும் எட்டும் தூரத்தைப் பார்த்தே வருகின்றோம். அத்தூரத்தில் முன்பிருந்த உத்தியோகமோ இப்பொழுது அங்கில்லை.