எத்தனை நாள் பேக்கப்?

போன மார்கழியில் ஒரு ராத்திரி, திருச்செந்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனியாக இருக்கும் என் அம்மா, பின்வாசல் தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டு முழித்திருக்கிறாள். விளக்கைப் போட்டதும் சத்தம் நின்றுவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால், கிணற்று மோட்டாருக்குப் போகும் ஒயரைக் காணோம். ஒயர் போனால் போகட்டும், தாழ்ப்பாளைத் தொட்டவன் யார் என்பதுதான் அவளுடைய கவலை. எனக்கும் அதுதான்.

"கேமராதான் இருக்கேம்மா, பாத்துக்கலாம்" என்று சென்னையிலிருந்து போனில் தைரியம் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானே ஆள் வைத்து மாட்டிக் கொடுத்தது. வீட்டைச் சுற்றி நாலு கேமரா, ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு ரெக்கார்டர். மொபைலில் அந்த நேரத்துக்குத் தள்ளிப் பார்த்தபோது, ஓர் உருவம் சுவரோரமாக வந்து நின்றது. வேட்டி தெரிகிறது, கைகால் தெரிகிறது, தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை உருண்டை. அம்மாவுக்கும் அனுப்பினேன்.

"ஏல, பேயி மாதிரில்லா இருக்கு. இதப் பாத்து நான் யாருன்னு சொல்ல?"

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அவன் அதற்கு முந்தைய நாட்களில் வந்து நோட்டம் பார்த்திருக்கிறானா என்று ரெக்கார்டரில் தேடினேன். கடைசி ஆறு நாள் மட்டும்தான் இருந்தது. அந்த ராத்திரியே அழிந்துபோயிருந்தது. என் மொபைலில் இருந்த வெள்ளை உருண்டைதான் மிச்சம்.

புதிதாக வாங்கலாம் என்று தூத்துக்குடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். "எத்தனை மெகாபிக்சல்ணே? எத்தனை நாள் பேக்கப் வேணும்?" பதில் தெரியாமல் திரும்பி வந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரு மாசம் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

இருட்டில் படம் பிடிக்கும் கதை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. வில்லியம் ஹெர்ஷல், 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்தவர். சூரியனை வண்ணக் கண்ணாடிகள் வழியே பார்க்கும்போது ஒவ்வொரு நிறத்திலும் வெப்பம் வேறுபடுவதாக அவருக்குப் பட்டது. 1800இல் வெயிலை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு முடிந்த பிறகு, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறியது. அகச்சிவப்புக் கதிர் இப்படித்தான் அகப்பட்டது.

அந்த வெளிச்சத்தைக் கைக்கு அடக்கமாக உண்டாக்க இன்னும் நூற்று அறுபது வருஷம் ஆனது. 1962இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த எல்இடி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்இடிதான். ஒன்றின் விலை 130 டாலர். இன்று நம் வீட்டுக் கேமராவின் லென்ஸைச் சுற்றி அதே வகையில் ஏழெட்டு உட்கார்ந்திருக்கின்றன.

பகலில் கேமராவுக்குள் ஒரு சின்ன வடிகட்டி அகச்சிவப்பைத் தடுத்து வைத்திருக்கும். இல்லாவிட்டால் நிறங்கள் கெட்டுவிடும். இருட்டியதும் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். வடிகட்டி விலகிவிட்டது என்று அர்த்தம். எல்இடிகள் எரிகின்றன. நமக்கு இருட்டு, கேமராவுக்கு யாரோ டார்ச் அடித்த மாதிரி வெளிச்சம். நிறத்தைப் பிரிக்க முடியாததால் படம் கறுப்பு வெள்ளையாகிறது.

இது புரிந்ததும் என் வெள்ளை உருண்டையும் புரிந்தது. டார்ச்சை ஒருவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து போட்டோ எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. கேமரா, காட்சியில் பெரும்பகுதியாக இருந்த இருட்டுத் தோட்டத்துக்குத் தகுந்தபடி தன் பார்வையைத் திறந்து வைத்திருந்தது. அவன் கேமராவுக்கு நேர் கீழே வந்ததும் எல்இடி வெளிச்சம் முழுக்க அவன் முகத்தில் பட்டுத் திரும்பியது. சன்ஷேடுக்கு அடியில் ஒட்டி மாட்டியிருந்ததால் சுவரும் வெளிச்சத்தைத் திருப்பியடித்தது. போதாததற்கு, லென்ஸுக்கு முன்னால் ஒரு சிலந்தி வலை. இரவில் அந்த ஓர் இழை வடக்கயிறு மாதிரி வெள்ளையாகத் தொங்கும்.

மெகாபிக்சல் பற்றிய பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. சென்சாரின் அளவு மாறாமல் அதே இடத்துக்குள் 2 மெகாபிக்சலுக்குப் பதில் 8 மெகாபிக்சலை அடைத்தால் ஒவ்வொரு புள்ளியும் சிறுத்துப்போகும்; அது வாங்கும் வெளிச்சமும் குறையும். பகலில் பளிச்சென்று இருக்கும் படம் ராத்திரியில் புள்ளி புள்ளியாகப் பொரியும். வெளிச்சம் போதவில்லை என்று கேமரா ஷட்டரை நிதானமாக மூடும்போது, நடக்கிற ஆள் புகை மாதிரி இழுபடுவான். ராத்திரிக்கு வாங்குகிறவர்கள் சென்சார் எவ்வளவு பெரிசு, லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மெகாபிக்சல் அப்புறம்.

*

இந்தக் கேமராக்களின் ஆரம்பகாலப் பயன்களில் ஒன்று மனிதர்களைப் பார்ப்பதற்கானது அல்ல. 1942இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில், வி-2 ராக்கெட் கிளம்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் உயிருக்கு ஆபத்து என்பதால், வால்டர் புரூக் என்ற பொறியாளர் மூடிய சுற்றுத் தொலைக்காட்சி ஒன்றை அமைத்தார். போர் ஆயுதத்தைத் தள்ளி நின்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது.

வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஒரு நர்ஸ். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினப் பெண். அவருடைய வேலை நேரம் ஒழுங்கற்றது. கணவர் ஆல்பர்ட் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். அவரும் பல ராத்திரிகளில் வீட்டில் இருக்க மாட்டார். அந்தப் பகுதியில் போலீஸைக் கூப்பிட்டால் சட்டென்று வராது. நேரங்கெட்ட நேரத்தில் கதவு தட்டப்பட்டால், எழுந்து போய்த் துவாரத்தில் கண் வைத்துத்தான் யாரென்று பார்க்க வேண்டும். 1966 ஆகஸ்டில் கணவனும் மனைவியும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்; 1969 டிசம்பர் 2 அன்று கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் துவாரங்கள், அவற்றின் முன்னால் மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, வந்தவரோடு பேச மைக், உள்ளே விடுவதென்றால் படுத்த இடத்திலிருந்தே தாழ் திறக்க ஒரு பொத்தான், ஆபத்தென்றால் அடிக்க அலாரம்.

இதைப் படித்தபோது அம்மாவின் பின்வாசல்தான் ஞாபகம் வந்தது. ஆள் யாரென்று கதவுப் பக்கம் போகாமலே தெரிந்துகொள்ள வேண்டும். நான் பொருத்திக் கொடுத்ததோ சென்னையில் இருக்கிற என் மொபைலுக்குத்தான் காட்டியது. அம்மாவின் கட்டில் பக்கத்தில் ஒரு திரைகூட இல்லை. 1966இல் ஒரு நர்ஸ் யோசித்தது எனக்குத் தோன்றவே இல்லை.

*

ஆரம்பத்தில் இந்தக் கேமராக்கள் காட்டும், அவ்வளவுதான். பதிந்து வைக்காது. அம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் வீடியோ டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தது. அது டிவி நிலையங்கள் மட்டும் வாங்கக்கூடிய பெரிய இயந்திரம். கேசட் வந்த பிறகுதான் கடைகளும் வங்கிகளும் பதிய ஆரம்பித்தன. ஒரு நாள் முழுவதையும் ஒரே கேசட்டில் அடக்க, இடையிடையே படங்களை விட்டுவிட்டுப் பதிந்தார்கள். கேசட் தீர்ந்தால் அதன் மேலேயே மறுபடி.

ஹார்ட் டிஸ்க் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நிறைந்ததும் பழையதை அழித்து, புதியதை எழுதும். என் ஆறு நாள் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. நாலு கேமராவுக்கு 172.8 ஜிபி. என் ரெக்கார்டரில் இருந்தது 1 டிபி. வகுத்தால் ஆறு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. மாட்டிய பையன் ஏமாற்றவில்லை. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"1 டிபி" என்று எழுதியதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

*

சாத்தான்குளம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். 2020 ஜூன் 19, ஊரடங்குக் காலம். செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். கடை வாசலில் தரையில் உருண்டு அவர்களே காயப்படுத்திக்கொண்டதாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. பக்கத்துக் கடையின் கேமராப் பதிவு வெளியானது. அதில் அப்படி எதுவும் இல்லை. யாரோ ஒருவர் தன் வியாபாரத்துக்காக மாட்டிய சாதாரணக் கேமரா, அரசாங்கக் காகிதம் ஒன்றைப் பொய்யாக்கியது.

காவல் நிலையத்துக்குள்ளேயும் கேமராக்கள் இருந்தன. மதுரை உயர் நீதிமன்றக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் போய்ப் பார்த்தபோது, ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றன்றைக்குத் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19 ராத்திரி அதில் இல்லை. அந்த ராத்திரியில் நடந்ததைச் சொன்னது, அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலரின் சாட்சியம். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. இரவிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிய வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அந்தக் கொள்ளளவு கிடைக்காவிட்டால் குறைந்தது ஒரு வருஷம். கடைக்காரர் என்னிடம் கேட்ட "எத்தனை நாள் பேக்கப்?" என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றம் எழுதிய பதில் இது. ரெக்கார்டரின் மெனுவுக்குள் ஒரு மூலையில் கிடக்கும் அந்த ஒரு எண், ஒருவர் எப்படிச் செத்தார் என்பதை மறைக்கவும் முடியும் என்று தெரிந்த பிறகு, அதை அலட்சியமாக விட எனக்கு மனசு வரவில்லை.

*

கடைசியில் என்ன வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். நாலு கேமராவை மூன்றாகக் குறைத்தேன், மூன்றும் 4 மெகாபிக்சல். H.265 முறையில் சுருக்கினால் நொடிக்கு 2 மெகாபிட் போதும் என்று கணக்கு. 2 டிபி டிஸ்க்கில் முப்பது நாள் நிற்கும். கம்ப்யூட்டருக்கான டிஸ்க்கைப் போடாமல், இருபத்து நாலு மணி நேரமும் எழுதுவதற்கென்று செய்த டிஸ்க்கைப் போட்டேன். ரெக்கார்டரை டிவிக்குக் கீழிருந்து எடுத்து, பரணில் பூட்டு போட்ட பெட்டிக்குள் வைத்தாயிற்று. திருடன் முதலில் தூக்குவது அதைத்தானே. கரண்ட் போனால் தாங்க ஒரு சின்ன யுபிஎஸ்.

பின்வாசல் கேமராவை சன்ஷேடிலிருந்து விலக்கி, முகம் நேராக விழும் உயரத்துக்கு இறக்கினேன். 2.8 மிமீ லென்ஸ் தோட்டம் முழுவதையும் காட்டும், ஆனால் முகம் புளியங்கொட்டை அளவு இருக்கும். அதனால் அங்கே மட்டும் 6 மிமீ. கூடவே நாற்பது ரூபாய்க்கு ஒரு எளிய யோசனை: வாசலில் ஒரு எல்இடி பல்ப், ராத்திரி முழுக்க. கொஞ்சம் நிஜ வெளிச்சம் இருந்தால் எந்தக் கேமராவும் புத்திசாலியாகிவிடுகிறது.

பாஸ்வேர்டையும் மாற்றினேன். பழையதில் இரண்டு வருஷமும் "அட்மின்" என்றே இருந்திருக்கிறது. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், இப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் வளைத்துப் போட்டுத்தான் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களை அக்டோபர் 21 அன்று முடக்கியது. அம்மாவின் கிணற்றடிக் கேமரா எந்தப் படையில் சேர்ந்து யாரோடு சண்டை போட்டதோ.

எதிர்வீட்டுச் சித்தி வந்து, "எங்க வீட்டு முத்தமும் இதுல தெரியுமாமே?" என்று கேட்டாள். தெரிந்தது. அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி மெனுவில் இருக்கிறது. அவள் முன்னாலேயே மறைத்துக் காட்டினேன். ரெக்கார்டரின் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னால் இருந்தது, அதையும் சரி பண்ணினேன். நாளைக்கு இது சாட்சியாக வேண்டி வந்தால் ஏழு நிமிஷம் பெரிய விஷயம்.

அம்மாவின் கட்டில் பக்கத்தில் ஒரு சின்னத் திரை வைத்தேன். அன்று ராத்திரி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை ஒன்று மதிலில் நடந்து போனது. அதன் கண் இரண்டும் வெள்ளையாக மின்னின.

"இது எத்தன நாளைக்கு இருக்கும்?"

"முப்பது நாள்."

"அதுக்கப்பறம்?"

"தானா அழிஞ்சிரும்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப அதுக்குள்ள யாராவது பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.