டேலியில் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை

பி.காம். முடித்தவனிடம் நம்மூரில் அடுத்த கேள்வி, "டேலி தெரியுமா?" என்பதுதான். நானும் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தவன். பிறகு வங்கி வேலை என்னைக் கொல்கத்தாவில் கொண்டுவந்து போட்டது. டேலிக்கு முந்தைய சமாச்சாரம் ஒன்றை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

படா பஜார் பழைய கடைகளில் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான பேரேடுகளைப் பார்க்கலாம். 'பஹி காத்தா' என்பார்கள். மார்வாடிகள் தீபாவளிக்குப் புதுப் பேரேடு போடுவார்கள். வங்காளிகள் அவர்கள் வருடப் பிறப்புக்கு. அந்த மார்வாடிகளிடம் 'பட்தா' என்று ஒரு முறை இருந்தது. "அடக்கமே இவ்வளவு விழுது சார்" என்று நம் கடைக்காரர் சொல்வாரே, அதே 'விழுகிற' என்ற பொருள்தான் அந்த இந்திச் சொல்லுக்கும். அன்றன்றைய உற்பத்தி, செலவு, லாபம் எல்லாவற்றையும் உத்தேசமாகப் போட்டு, இவ்வளவு வரவேண்டும் என்று முன்பே குறித்து வைத்ததோடு ஒப்பிடுவார்கள். பிர்லா குடும்பத்தின் ஆலைகளே இப்படித்தான் கண்காணிக்கப்பட்டன. ஐந்தொகை வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. இன்று 'பிசினஸ் இண்டெலிஜென்ஸ்', 'டாஷ்போர்டு' என்று விற்கிறார்களே, அதன் வேலையும் இதுதானே?

சரி, டேலிக்கு வருவோம். ஷ்யாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்துகொண்டிருந்தார். தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத்தையே எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் பிறந்தது. 1999-இல் டேலி சொல்யூஷன்ஸ் என்று பெயர் மாறியது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பெயரை அடித்தால் போதும். கணக்குப்பிள்ளைகள் பயமில்லாமல் உட்கார்ந்தது அதனால்தான். (திருட்டுக் காப்பியும் கொஞ்சம் உதவியது என்று சொன்னால் அடிக்க வராதீர்கள்! :-))

ஆனால் சின்ன வியாபாரி கம்ப்யூட்டர் வாங்கியது தன் வியாபாரத்தைப் புரிந்துகொள்ள அல்ல. வாட் வந்தது, மேற்கு வங்கத்தில் 2005 ஏப்ரலில், தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில். வாங்கியபோது கட்டிய வரியைக் கழிக்க பில் வாரியாகக் கணக்கு வேண்டும். மிச்சமிருந்தவர்களையும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. தள்ளிக்கொண்டு வந்தது. ஆக, டேலி கடைக்குள் நுழைந்தது வரி வேலையாக. வாரத்துக்கு இரண்டு நாள் வரும் அக்கவுண்டண்ட், ரிட்டர்ன் தேதி நெருங்கும்போது பில்களை ஏற்றுவார். சரக்கை அயிட்டம் வாரியாக ஏற்ற யாருக்குப் பொறுமை? மார்ச் கடைசியில் இருப்பு என்று ஒரு தொகையைக் கையால் போட்டுவிடுவார்கள். முதல் திரையிலேயே 'ரேஷியோ அனாலிசிஸ்' என்று ஒரு வரி உண்டு. அதை அமுக்கிப் பார்த்த கடைக்காரர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் கிளையில் ஒரு பனியன் வியாபாரி. அப்பா காலத்தில் தினமும் ராத்திரி யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார்களாம். மகன் டேலி போட்டார், நோட்டு நின்றது. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் ஒழுங்காக வரும். 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியைக் கழித்துவிட்டுத்தான் நாங்கள் டிராயிங் பவர் போடவேண்டும். அவர் எழுதிக் கொடுத்த வயதை நம்பிப் போட்டேன். திடீரென்று பணம் சுற்றுவது நின்று, வட்டி நின்று, கணக்கு வாராக்கடனானது.

அதன் பிறகுதான் அவர் கடைக்குப் போய், அந்த கம்ப்யூட்டரில் பாக்கிகளை வயது வாரியாகப் பார்த்தேன். இரண்டே பார்ட்டிகள். பெரும்பகுதி அவர்களிடம்தான், ஒரு வருஷத்துக்கு மேலாக. மகன் என்னைவிட அதிகமாக அதிர்ந்துபோனார். "ஏன் சொல்லவில்லை?" என்றால் அக்கவுண்டண்ட், "யாரும் கேட்கவில்லையே சாப்" என்கிறார். நானும்தான் கேட்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் அந்த இரண்டு பெயர்களையும் திரையைப் பார்க்காமலே சொன்னார்.

2021-இல் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வந்தபிறகு, சம்மதம் கொடுத்தால் வாடிக்கையாளரின் மற்ற வங்கிக் கணக்குகளையும் எங்கள் திரையிலேயே பார்க்க முடிகிறது. ஆனாலும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொண்டுவருபவர்களிடம் அந்த வயதுவாரிப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துவரச் சொல்கிறேன். பாதிப் பேர் என் எதிரிலேயே அக்கவுண்டண்டுக்குப் போன் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள்.