ஃபைப்ரோமையால்ஜியாவும் இணைப்பிழையமும்

ஃபைப்ரோமையால்ஜியா என்பது உடல் முழுவதும் பரவிய நாட்பட்ட வலி, களைப்பு, தூக்கக் குறைபாடு ஆகியவற்றை உண்டாக்கும் ஒரு நோய்த்தொகுப்பு ஆகும். இதில் இணைப்பிழையத்தின் பங்கு குறித்துக் கருத்து வேறுபாடுகள் உள்ளன.

வரலாறு

1904 இல் பிரித்தானிய மருத்துவர் வில்லியம் கவர்சு, நாரிழைய அழற்சியே முதுகுவலி போன்றவற்றுக்குக் காரணம் எனக் கருதி, அதற்கு 'ஃபைப்ரோசைட்டிசு' எனப் பெயரிட்டார். பிற்கால இழையச் சோதனைகளில் அத்தகைய அழற்சி உறுதிப்படவில்லை. 1976 இல் அழற்சியைக் குறிக்காத இன்றைய பெயர் முன்வைக்கப்பட்டது.

தசையுறைக் கருதுகோள்

தசைகளைப் போர்த்தியுள்ள தசையுறை, வலியுணர் நரம்பு முனைகளைக் கொண்ட இணைப்பிழையம் ஆகும். இவ்வுறையில் ஏற்படும் சிதைவு சரிவர ஆறாமல் தொடர்ந்து வலிக்குறிப்புகளை அனுப்புவதால், மைய நரம்பு மண்டலம் மிகையுணர்வு அடையக்கூடும் என 2010 இல் அமெரிக்க மருத்துவர் சினெவ்ரா லிப்டன் முன்மொழிந்தார்.

இன்றைய நிலை

இக்கருதுகோள் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. நரம்பு மண்டலம் வலியை மிகைப்படுத்துவதே முதன்மைக் காரணம் எனப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வழக்கமான இரத்தச் சோதனைகளும் ஊடுகதிர்ப் படங்களும் இயல்பாக இருப்பினும், நோயாளி உணரும் வலி கற்பனையன்று. 2016 இல் வெளியான ஐரோப்பியப் பரிந்துரைகள் உடற்பயிற்சியை மட்டுமே வலுவாகப் பரிந்துரைத்தன.