பி.ஒய். 02 வண்டியும் செத்துப் பிறந்த வரிச்சட்டமும்

போன மாசம் மயிலாடுதுறையிலிருந்து சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, காரைக்கால்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வருது. மூன்றரை லட்சம். அங்க சேல்ஸ் டாக்ஸ் கம்மி, அதான் இந்த விலைங்கிறார் புரோக்கர். ஆனா ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனியாம், 63,000. வாங்கிடலாமா?"

வரி கம்மியாம், ஆனா 63,000 தனியாம்! எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் "காரைக்கால்னா வரி கம்மி" என்கிற பேச்சு சும்மா வந்ததில்லை. நாகூர்க்காரர்கள் வாஞ்சூர் எல்லையைத் தாண்டுவது எதற்கு என்று நான் சொல்லவேண்டியதில்லை.

1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர். நடைமுறையில் 1954-இலும் சட்டப்படி 1962-இலும் இந்தியாவோடு சேர்ந்தது. சுற்றியிருந்த சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1939-லேயே பொது விற்பனை வரி கொண்டுவந்துவிட்டார். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்டத்தான். புதுச்சேரிக்குச் சட்டசபை வந்ததே 1963-இல். அந்தச் சபை 1965-இல் ஒரு விற்பனை வரிச்சட்டம் போட்டது பாருங்கள், அதுதான் வேடிக்கை.

சொந்தமாக எழுத மெனக்கெடவில்லை. சென்னையின் 1959-ஆம் வருடச் சட்டம், நம் சட்டம் அமலுக்கு வரும் நாளில் அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கும் செல்லும் என்று எழுதிவிட்டார்கள். அமலுக்கு வந்த நாள் 1-4-1966. அதற்குள் சென்னை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது! புதுச்சேரி உறுப்பினர்கள் பார்க்காத, விவாதிக்காத திருத்தம் புதுச்சேரி, காரைக்கால் வியாபாரிகள் தலையில் விழுந்தது. ஷாமா ராவ் என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1967 பிப்ரவரியில், மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்பு: சட்டசபை தன் வேலையைச் சென்னையிடம் ஒப்படைத்துவிட்டது, செல்லாது. இடையில் 1966-இல் ஒரு திருத்தச்சட்டம் போட்டுச் சரிக்கட்டப் பார்த்தார்கள். செத்துப் பிறந்ததற்கு உயிர் கொடுக்க முடியாது என்று அதையும் கோர்ட் ஏற்கவில்லை. பிறகு 1967-இல்தான் புதுச்சேரி தனக்கென்று ஒரு விற்பனை வரிச்சட்டம் செய்தது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிற வழக்கு இது.

அப்படிப் பெற்ற தனி வரி, வாட் ஆக மாறி, 2017 ஜூன் 30 வரை இருந்தது. மறுநாள் ஜி.எஸ்.டி. காருக்கு இப்போது நாகூரிலும் காரைக்காலிலும் ஒரே விகிதம்தான். பழைய காருக்கு 2018-இலிருந்தே மொத்த விலைக்கு வரி இல்லை, லாபத்துக்கு மட்டும்தான். 2024 டிசம்பரில் ஜெய்சால்மர் கூட்டத்தில் ஜி.எஸ்.டி. கவுன்சில் எல்லா வகைப் பழைய வண்டிக்கும் 18 சதவீதம் என்று முடிவு செய்தபோதும் இது மாறவில்லை. பதிவுபெற்ற வியாபாரி 3 லட்சத்துக்கு வாங்கி மூன்றரைக்கு விற்றால், 50,000-க்கு 9,000. நஷ்டத்துக்கு விற்றால் ஒன்றுமில்லை. தனி ஆள் தன் சொந்தக் காரை விற்றால் அந்தப் பேச்சே கிடையாது.

அப்போ காரைக்கால் வண்டி ஏன் மலிவு? ரோடு டாக்ஸ். அது ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை; அவரவர் அரசு வைத்ததுதான். 2017-இல் கேரள சினிமாக்காரர்களின் சொகுசு கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவாகி வம்பானதும் இதனால்தான். ஆனால் இந்த லாபம் எல்லையைத் தாண்டினால் கரைகிறது. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்கவேண்டும், என்.ஓ.சி. வேண்டும்; வண்டியின் வயதுக்கேற்ப தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டவேண்டும்.

தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆர்.சி.யில யார் பேரு?"

திருநள்ளாறு பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியாராம். புரோக்கர் வெறும் கமிஷன் ஆள். 63,000-க்கு ரசீதில் என்ன பேர் போடுவீங்கன்னு கேள் என்றேன். கேட்டிருக்கிறான். மறுநாள் அந்த 63,000 காணாமல் போயிருந்தது. இப்போது ஆயுள் வரிக்கு எவ்வளவு குறைப்பது என்று வாத்தியாரிடமே நேரில் பேசிக்கொண்டிருக்கிறான்.