குர்துக் கல்யாணத்தின் ஸுர்னா

காய்ப்பு ஓய்ந்த ஆப்ரிகாட் மரத்தை வெட்டினால் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகும். முடிச்சில்லாத நேரான துண்டு தேறினால் மட்டும் கடைசல்காரர் எடுத்துக்கொள்வார். கிழக்குத் துருக்கியில் இந்த மரத்துக்குப் பஞ்சமில்லை. உலகச் சந்தைக்கு வரும் உலர்ந்த ஆப்ரிகாட்டில் பெரும்பங்கு மலாத்தியா மாகாணத்தில் விளைகிறது. குர்துகளின் கல்யாணக் குழலான ஸுர்னாவும் ஆர்மீனியர்களின் துதுக் குழலும் இந்த மரத்தில் செய்பவைதான். துதுக்குக்குக் கம்மிய குரல், கேட்பவரை உருக்கும். 2005லேயே யுனெஸ்கோவின் பாராட்டும் கிடைத்துவிட்டது. ஸுர்னாவுக்கு உருக்குகிற வேலை அவ்வளவாகக் கிடையாது. மலைச்சரிவில் ஒரு ஊரில் ஊதினால் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்து ஊரில் "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்பார்கள். அதற்காகவே செய்த வாத்தியம் அது.

மரத்தை நன்றாகக் காயவிட்டுக் கடைந்து, நடுவில் துளை போட்டு, வாய்ப்பக்கம் ஒடுங்கி அடிப்பக்கம் புனலாக விரியும்படி செதுக்குகிறார்கள். முன்னால் ஏழு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. நாகஸ்வரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் எதுவும் அந்நியமாகப் படாது. இரண்டும் இரட்டை நாக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம்முடையது போலவே நாணல் சீவாளி, அது உட்கார உலோகக் கெண்டை, விரல் படாமல் சுருதிக்கென்றே அடிப்பக்கம் விட்டுவைத்த சிறு துளைகள். மாற்றுச் சீவாளிகளைக் கயிற்றில் கோத்துக் குழலிலேயே தொங்கவிடும் வழக்கமும் உண்டு. வேறுபாடு இரண்டு இடத்தில். ஸுர்னா குட்டை, பெரும்பாலும் முழ நீளத்துக்கு மேல் போகாது. அதன் தலைக்குள் கவட்டை மாதிரி இரண்டு கால் கொண்ட ஒரு மரத்துண்டைச் செருகியிருப்பார்கள். மேல்துளைகளின் சுருதியைத் திருத்துவது இந்தத் துண்டுதான். வெளியே தெரியாது, ஆனால் இது இல்லாவிட்டால் குழல் அபஸ்வரம் பேசும்.

கெண்டையில் ஒரு சின்ன வட்டத் தகடும் இருக்கும். ஊதுபவர் சீவாளி முழுவதையும் வாய்க்குள் வாங்கிக்கொண்டு உதட்டை அந்தத் தகட்டில் அழுத்திக்கொள்வார். கன்னம் இரண்டும் உப்பும். கன்னத்தில் தேக்கிய காற்று குழலுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் புதுக்காற்றை இழுத்துக்கொள்வார். ஆகையால் நாதம் அறுபடுவதே இல்லை. குர்துகளின் கோவெண்ட் ஆட்டத்துக்கு இந்த மூச்சு அவசியம். தோளோடு தோள் ஒட்டி, விரலோடு விரல் கோத்து, ஐம்பது அறுபது பேர் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும்போது ஊதுபவர் மூச்சு வாங்க நின்றால் வரிசை முழுவதும் தடுமாறும்.

கூடவே தஹோல். தோளில் வாரோடு தொங்கும் பெரிய இருமுக மேளம். ஒரு பக்கம் கனத்த கோல், மறுபக்கம் மெல்லிய குச்சி. இந்த இருவரும் வந்து சேராமல் பழைய ஊர்க் கல்யாணம் தொடங்காது. விருந்தாளிக் கூட்டம் ஊர் எல்லையை நெருங்கினால் இவர்கள் எதிர்கொண்டு போய் ஊதி அழைத்து வருவார்கள். வந்தவர் பை திறக்க வேண்டும். பெண்ணழைக்கப் போகும்போது முன்னால் நடப்பவர்களும் இவர்களே. பெண் வீட்டில் மணப்பெண்ணின் தம்பியோ அண்ணனோ கதவைச் சாத்திக்கொண்டு நிற்பான். அவன் கேட்டது கையில் விழுந்த பிறகுதான் கதவு திறக்கும். இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டி, முகத்தில் சிவப்புத் திரை போட்டுப் பெண்ணை வெளியே கொண்டுவரும் நேரத்தில் ஸுர்னா ஆட்ட மெட்டை விட்டுவிடும். மேளம் அடங்க, குழல் இழுத்து இழுத்துப் பாடும். தாய் அழுவது அப்போதுதான். மாப்பிள்ளை வீட்டில் இதற்கு நேர்மாறு. கூரைமேல் நிற்கும் மாப்பிள்ளை வந்திறங்கும் பெண்ணின் பக்கம் ஆப்பிளை எறிவான், மிட்டாயும் காசும் இறைவான். கீழே பிள்ளைகள் பொறுக்குவார்கள், ஸுர்னா உச்சத்தில் அலறும்.

வரிசையின் தலையில் கைக்குட்டை சுழற்றி ஆடுபவருக்குச் செர்ச்சோபி என்று பெயர். ஊதுபவரின் கண் அவர் காலிலேயே இருக்கும். அவர் தாளத்தை ஏற்றினால் குழலும் ஏற்றும். சில சமயம் ஊதுபவர் மண்டியிட்டு, குழலை ஆடுபவரின் முழங்காலுக்கு நேரே பிடித்துச் சீண்டுவார். ஷாபாஷ் வாங்க அதுதான் வழி. ஷாபாஷ் என்றால் ஆட்டத்தின் நடுவே கலைஞருக்குத் தரும் பணம். தந்தவர் பெயரையும் அவர் குடும்பப் பெயரையும் சபைக்குக் கேட்கும்படி கூவ வேண்டும், நம் ஊர் மொய்யை மைக்கில் வாசிப்பது போல. எவ்வளவு உரக்கக் கூவுகிறார்களோ அவ்வளவு அடுத்தவருக்கும் கை நீளும்.

துக்க வீடு இருக்கும் ஊரில் இந்தக் குழலை எடுப்பதற்கு முன் அந்த வீட்டுக்குப் போய் அனுமதி கேட்பது மரபு. "எடுங்கள்" என்று அவர்கள் சொன்னால்தான் மேளம். சொல்லாவிட்டால் சத்தமில்லாமல் நிக்காஹ் முடித்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இத்தனைக்கும் நடுநாயகமான ஊதுபவருக்கு அந்த ஊரில் என்ன இடம்? இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. குர்துப் பகுதிகளில் ஸுர்னாவும் தஹோலும் பெரும்பாலும் மிர்திப் என்று அழைக்கப்படும் பரம்பரைக் கலைஞர்கள் கையில் இருந்தன. அவர்களில் பலர் டோம் இனத்தவர். அவர்களின் டோமரி, இந்திய-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மூதாதைகள் இந்தியாவிலிருந்து போனவர்கள். பெண்ணழைப்பில் முதல் ஆளாக நடக்கும் இந்தக் குடும்பங்களோடு பெண் கொடுத்து வாங்க ஊரார் முன்வந்ததில்லை. குழல் வேண்டும், குழல்காரர் வேண்டாம். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குழல் ஒரு தடைக்காலத்தையும் பார்த்தது. 1983ல் துருக்கி அரசு 2932ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்த மொழியென்று பெயர் சொல்லாமலே குர்து மொழி வெளியீட்டுக்குத் தடை விழுந்தது. 1991 வரை அந்தச் சட்டம் இருந்தது. பாடகர் சிவான் பெர்வர் அதற்கு முன்பே, 1976ல், நாட்டை விட்டுப் போயிருந்தார். அவருடைய கேசட்டுகளை ஒளித்து வைத்துக் கேட்டார்கள். பாட்டில் சொல் இருந்தது, சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போடலாம். ஸுர்னாவில் ஊதும் ஷேகானி என்ற ஆட்ட மெட்டில் எந்தச் சொல்லைப் பிடிப்பது? கேட்பவர்களுக்கு வரி மனப்பாடம். ஊதுபவர் வாயில் சீவாளி. ஆட்டம் நடந்தது. சட்டம் போனாலும் சந்தேகம் போகவில்லை. 2024 ஜூலையில்கூடத் துருக்கியின் சில ஊர்களில் குர்துப் பாட்டுக்கும் முழக்கத்துக்கும் ஆடிய காணொளிகளைக் காரணம் காட்டி இளைஞர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது.

அந்தத் தடைச் சட்டத்துக்கு வெகு முன்பே, 1961 அக்டோபரில், துருக்கியும் மேற்கு ஜெர்மனியும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டிருந்தன. கூலிக்குப் போனவர்களில் குர்துகளும் இருந்தார்கள். பின்னாலேயே ஸுர்னாவும் போனது. கொலோனிலும் பெர்லினிலும் கல்யாணம் நான்கு சுவருக்குள் நடந்தது. வெட்டவெளிக்கென்று செய்த குழல் தாழ்ந்த கூரையின் கீழே காதைத் துளைத்தது. அந்த இடத்துக்குக் கீபோர்டு வந்தது. ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். பொத்தானை அழுத்தினால் ஸுர்னாவும் பேசும், தஹோலும் பேசும். வடகிழக்குச் சிரியாவின் ஹசாக்கா வட்டாரத்துக் கல்யாணங்களிலும் இதே கதை. அங்கே அரபிலும் குர்து மொழியிலும் பாடிவந்த ஒமர் சுலைமான், ரிஸான் சயித்தின் கீபோர்டோடு உலகம் சுற்றினார். 2013ல் ஆஸ்லோவின் நோபல் அமைதிப் பரிசு இசை நிகழ்ச்சியிலும் பாடினார். அந்த இசை எனக்கும் பிடிக்கும். ஆனால் கீபோர்டு ஸுர்னாவில் ஒரு குறை உண்டு: ஆடுபவரின் காலை அது பார்ப்பதில்லை. தாளத்தை முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள், கால் அதைப் பின்தொடர்கிறது.

துருக்கியின் தியார்பக்கிர் போன்ற நகரங்களில் டோம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிழைப்புப் போனதற்கு மண்டபமும் கீபோர்டும் முக்கியக் காரணம். பிள்ளைகள் குழலைத் தொடுவதில்லை. அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா கன்னம் நோக ஊதிப் பெற்ற மரியாதையை அவர்கள் பார்த்து வளர்ந்தவர்கள். ஐரோப்பாவில் இன்று மணப்பெண் காரைவிட்டு இறங்கி மண்டப வாசல் சேரும் வரைக்கும் மட்டும் ஒரு ஸுர்னாவையும் ஒரு தஹோலையும் அமர்த்துகிறவர்கள் உண்டு. படம் எடுக்க நன்றாக இருக்கும். உள்ளே போனதும் கீபோர்டு தொடங்கிவிடும். குர்துகள் இந்தக் குழலைக் காப்பாற்ற நினைத்தால் முதலில் மிர்திப் வீட்டோடு சம்பந்தம் பேசட்டும். விழாவும் விருதும் பிறகு.